இரண்டாவது தராசு

வாஷி ஏபிஎம்சி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை வாங்குகிறவர், பழக்கப்பட்ட ஆளாக இருந்தால், எடையைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று காரியம் செய்வார். தட்டு காலியாக இருக்கும்போது திரையில் சைபர் நிற்கிறதா என்று பார்ப்பார். எடையளவைத் துறையின் இந்த ஆண்டு முத்திரை தராசில் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், சுமை தூக்கும் ஹமாலைக் கூப்பிட்டு மூட்டையை அடுத்த கடைத் தராசில் தூக்கிவைக்கச் சொல்வார். முதல் இரண்டிலும் தராசுக்காரரையோ அதிகாரியையோ நம்பித்தான் ஆகவேண்டும். மூன்றாவதில் யாரையும் நம்பவேண்டியதில்லை.

2024 நவம்பர் 23 அன்று, மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்தபோது, இந்த மூட்டை விவகாரம் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் பேலாப்பூர் சட்டமன்றத் தொகுதியில் பா.ஜ.க.வின் மந்தா மாத்ரே 91,852 ஓட்டு வாங்கினார். அவரை எதிர்த்து நின்ற, சரத் பவார் அணித் தேசியவாத காங்கிரசின் சந்தீப் நாயக் 91,475. வித்தியாசம் 377. இங்கே ஒரு பெரிய ஹவுசிங் சொசைட்டியின் ஜெனரல் பாடி மீட்டிங்குக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தால் அதற்கு மேல் நாற்காலி போடவேண்டியிருக்கும்.

இந்த முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. என் கேள்வி வேறு. தோற்றவருக்கு ஓட்டுப் போட்ட ஒருவர் அந்த 377ஐ எதை வைத்து ஒப்புக்கொள்வது? ஜெயித்தவரின் ஆட்களுக்கு ஆதாரம் தேவையில்லை, அவர்கள் பட்டாசு வாங்கப் போய்விடுவார்கள். ஓட்டு எண்ணுவதே தோற்றவருக்காகத்தான்.

தாராவி டீக்கடையிலும் செம்பூர் ஸ்டேஷன் வாசலிலும் இந்தப் பேச்சு எடுத்தால் இரண்டே கட்சிதான். ‘மெஷின்ல கோல்மால்’ என்பது ஒன்று. ‘தோத்தா மெஷின், ஜெயிச்சா மக்கள் தீர்ப்பா?’ என்பது மற்றொன்று. இரண்டு தரப்புமே ‘மெஷின்’ என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

கூடத்துக்குள் இரண்டு கணினிகள்

நம் ஓட்டு எண்ணிக்கையில் இருப்பது ஒரு கணினி அல்ல, இரண்டு. ஒன்று, சாவடியில் நாம் பொத்தானை அழுத்தும்போது ஓட்டைப் பதிந்துகொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவி. இதற்கு இணையம் கிடையாது, புளூடூத் கிடையாது. வாழ்நாள் முழுக்கத் தனியாக இருக்கும் கருவி. மற்றது, எண்ணும் மையத்தில் சுற்று வாரியான கூட்டுத்தொகையை உள்ளிடும் ‘என்கோர்’ என்ற மென்பொருள். இது இணையத்தோடு இணைந்தது. டிவியில் ஓடும் முன்னிலை, பின்னடைவு எல்லாம் இதன் வழியாக வருவதுதான்.

நடைமுறை இப்படி. ஒரு கூடத்தில் வழக்கமாக 14 மேசை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அலுவலர்கள், இந்தப் பக்கம் வேட்பாளர்களின் முகவர்கள். காப்பறையிலிருந்து கருவி வரும். முகவர்கள் அதன் எண்ணையும் முத்திரைகளையும் சரிபார்ப்பார்கள். பிறகு ‘ரிசல்ட்’ பொத்தான். திரையில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்று வரிசையாக வரும். அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று வாக்குப்பதிவு நாளன்றே 17சி படிவத்தில் எழுதி, முகவர்களுக்கு நகல் கொடுத்திருப்பார்கள். இரண்டு தொகையும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால், அல்லது காலையில் நடத்திய மாதிரி ஓட்டுகளை அழிக்க மறந்திருந்தால், அந்தக் கருவியைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். 2024இல் இருந்த நடைமுறைப்படி, கடைசியில் வெற்றி வித்தியாசம் அந்தக் கருவியின் ஓட்டுகளைவிடக் குறைவாக வந்தால்தான், ஓட்டு விழும்போது அச்சான ஒப்புகைச் சீட்டுகளை எண்ணினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பார்வையாளர் ஏதாவது இரண்டு கருவிகளை எடுத்து மறுபடி பார்ப்பார்.

இங்கே கவனிக்கவேண்டியது, 17சி நகலைக் கையில் வைத்திருக்கும் முகவருக்கு இரண்டாவது கணினி தேவையே இல்லை. எல்லாச் சாவடியின் தாளையும், திரையில் வந்த வேட்பாளர் வாரித் தொகையையும் ஒரு கட்சி சேர்த்துவைத்தால், வீட்டில் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு மொத்த முடிவைக் கூட்டிப் பார்த்துவிடலாம். என்கோரில் யாராவது தவறாகத் தட்டச்சு செய்தாலும் மாட்டிக்கொள்வார்கள். சட்டப்படி முடிவு என்பது 20ஆம் எண் படிவம்தான், இணையதளத்தில் ஓடும் எண் அல்ல.

இந்த இரண்டு கணினிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்த கூத்து 2024 ஜூனில் மும்பையிலேயே நடந்தது. மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதியின் ஓட்டுகளை கோரேகாவ் நெஸ்கோ வளாகத்தில் எண்ணினார்கள். ஷிண்டே அணி சிவசேனாவின் ரவீந்திர வாய்க்கர் 4,52,644. உத்தவ் அணியின் அமோல் கீர்த்திகர் 4,52,596. வித்தியாசம் 48. எண்ணும் மையத்துக்குள் வெற்றி பெற்றவரின் உறவினர் ஒருவர் செல்போன் பயன்படுத்தினார் என்று வன்ராய் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அந்த போன் என்கோரில் உள்ளிடும் ஊழியருடையது. ‘ஓடிபி அனுப்பி வாக்கு இயந்திரத்தைத் திறந்தார்கள்’ என்று ஒரு நாளிதழ் எழுதியது. நாடு முழுக்கத் தீப்பிடித்தது. தேர்தல் நடத்தும் அலுவலர் வந்தனா சூர்யவன்ஷி, இயந்திரத்தைத் திறக்க ஓடிபி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று விளக்கினார். நாளிதழ் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது.

அந்தக் கூச்சலில் எல்லாரும் தவறவிட்ட எண் ஒன்று உண்டு. இயந்திரங்களில் மட்டும் விழுந்த ஓட்டைக் கணக்கிட்டால் கீர்த்திகர்தான் முன்னிலை, அதுவும் ஒரே ஒரு ஓட்டில். தபால் ஓட்டில் வாய்க்கருக்கு 1,550, கீர்த்திகருக்கு 1,501. ஆக, வெற்றியைத் தீர்மானித்தது கணினி அல்ல, காகிதம். கீர்த்திகரின் தேர்தல் வழக்கை 2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆனாலும் ஓடிபி கதை பொய் என்பதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. செல்போன் கொண்டுபோகக் கூடாத இடத்தில் வேட்பாளரின் சொந்தக்காரர் கையில் ஊழியரின் போன் எப்படிப் போனது? இயந்திரம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அதைச் சுற்றியிருக்கும் ஆட்களின் ஒழுங்கு தளர்ந்தால் சந்தேகம் உள்ளே நுழைந்துவிடும். காகிதத்துக்கும் இதே கதைதான். திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் 2016இல் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்ட 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியது சரியா என்று வழக்கு. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது, உறை பிரியவில்லை.

ஒரு தமிழர் வடிவமைத்தது, ஒருவர் மும்பையில் திருடியது

இந்த இயந்திரத்துக்கும் தமிழர்களுக்கும் பழைய உறவு. 1980இல் எம்.பி. ஹனீபா மின்னணு வாக்கு எண்ணும் கருவி ஒன்றை வடிவமைத்து, தமிழ்நாட்டில் ஆறு நகரங்களின் அரசுப் பொருட்காட்சிகளில் வைத்துக் காட்டினார். பின்னர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இயந்திரம் உருவானபோது அதில் முக்கியப் பங்கு வகித்தவர் பொறியாளர் எஸ். ரங்கராஜன், நமக்குச் சுஜாதா.

முதல் சோதனை 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 சாவடிகளில். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984இல் உச்ச நீதிமன்றம் இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற விஷயத்துக்கே போகவில்லை. சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று சொல்லி அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. இந்த முறை ஜோஸ் ஜெயித்தார். பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள், அது 1989இல் நடைமுறைக்கு வந்தது. 2001இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தது. 2004இல் மக்களவை மொத்தமும்.

பழைய வாக்குச்சீட்டுக் காலத்தைப் பொற்காலமாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவடியைக் கைப்பற்றி ஒரு கட்டுச் சீட்டில் சடசடவென்று முத்திரை குத்திப் பெட்டியில் தள்ளிய ஊர்கள் ஏராளம். இயந்திரம் நிமிடத்துக்கு நான்கு ஓட்டுக்கு மேல் ஏற்காது. குண்டர்கள் வந்தாலும் அரை மணி நேரத்தில் 120ஐத் தாண்ட முடியாது, அதற்குள் போலீஸ் வந்துவிடும். செல்லாத ஓட்டு என்ற தலைவலியும் போயிற்று. இதெல்லாம் உண்மையான லாபங்கள்.

மும்பைக்கு இந்தக் கதையில் இன்னொரு இடமும் இருக்கிறது. 2010இல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ரோப் கோங்கிரைப் மூவரும் ஓர் உண்மையான இந்திய வாக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு வித்தைகளைக் காட்டினார்கள். கருவியின் திரைப்பலகையை மாற்றிவைத்து எண்ணும் நாளில் பொய்த் தொகையைக் காட்டுவது ஒன்று. உள்ளே ஒரு கிளிப்பைக் கவ்வவைத்துப் பதிவான ஓட்டையே மாற்றுவது மற்றொன்று. அந்த இயந்திரம் மும்பையில் பழைய கஸ்டம்ஸ் ஹவுஸில் இருந்த அரசுக் கிடங்கிலிருந்து காணாமல் போனது. ஆகஸ்டில் ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள்.

தேர்தல் ஆணையத்தின் பதில், ‘இயந்திரத்தைக் கையில் எடுத்துத் திறந்தால்தானே இதெல்லாம், எங்கள் காவலில் அது நடக்காது’ என்பது. ஆய்வாளர்களின் வாதமும் அதே இடத்தில்தான் நிற்கிறது: அரசுக் காவலில் இருந்த ஒன்றுதானே எங்கள் மேசைக்கு வந்தது? அதற்குப் பின் இயந்திரத்தின் தலைமுறை மாறிவிட்டது. இப்போதுள்ளவற்றைத் திறக்க முயன்றால் செயலிழந்துவிடும் என்கிறது ஆணையம். இருக்கலாம். ஆனால் இதெல்லாம் தராசுக்காரர் தன் தராசைப் பற்றிச் சொல்வது. அது பாதுகாப்பு. வெளிப்படைத்தன்மை என்பது வேறு. ‘யாரும் கை வைக்க முடியாது’ என்று ஆணையம் சொல்வதும், ‘கை வைத்தார்களா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?’ என்று வாக்காளர் கேட்பதும் இருபது வருடமாக ஒன்றையொன்று சந்திக்காமலே ஓடிக்கொண்டிருக்கின்றன.

பாங்க் கணக்கைக் கணினியில் நம்புகிறோமே, ஓட்டை நம்பினால் என்ன என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பாங்கில் என் பெயருக்கு ஒரு ஸ்டேட்மென்ட் வருகிறது. பத்து ரூபாய் குறைந்தாலும் கேட்பேன். ஓட்டு, விழுந்த நொடியில் என் பெயரை இழக்கவேண்டும், இல்லையென்றால் ரகசியம் போய்விடும். பெயரில்லாத பணத்தைப் பாங்கில் போட்டுவிட்டு மொத்த வைப்புத் தொகை சரிதானா என்று கேட்பது போன்ற சிக்கல் இது. கணினி விஞ்ஞானிகள் மற்ற எல்லாவற்றையும் மின்மயமாக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டுக்கு மட்டும் காகிதம் கேட்பது இதனால்தான்.

ஐந்து மூட்டை

அந்தக் காகிதம் நமக்கு வந்தது சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால். அழுத்திய சின்னம் ஒரு சீட்டில் அச்சாகி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரிந்து, பெட்டிக்குள் விழும். விவிபாட் என்கிறோம். நம் இரண்டாவது தராசு இதுதான். சட்டமும் இதற்கு மேல்நிலை தந்திருக்கிறது. தேர்தல் நடத்தை விதி 56டி-யின்படி, கருவி ஒரு தொகையும் சீட்டு ஒரு தொகையும் காட்டினால் சீட்டின் கணக்கே செல்லும்.

ஆனால் எத்தனை மூட்டையைத் தூக்கி வைக்கிறோம்? முதலில் தொகுதிக்கு ஒன்று. 2019 ஏப்ரலில் சந்திரபாபு நாயுடுவும் மற்ற எதிர்க்கட்சித் தலைவர்களும் 50 சதவீதம் கேட்டுப் போனபோது உச்ச நீதிமன்றம் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து என்று வைத்தது. 2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு நூறு சதவீதக் கோரிக்கையை மறுத்தது. மகாராஷ்டிரத்தில் 2024 நவம்பரில் 288 தொகுதிகளில் 1,440 சாவடிகளின் சீட்டுகளை எண்ணினார்கள், எதிலும் வேறுபாடு இல்லை என்று ஆணையம் அறிவித்தது.

1,440 என்பது மாநிலத்துக்குப் பெரிய எண். பேலாப்பூருக்கு அது வெறும் ஐந்துதான். கணக்குக்கு, ஒரு தொகுதியில் 300 சாவடி என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து இயந்திரத்தில் மட்டும், ஒவ்வொன்றிலும் 19 ஓட்டு இவரிடமிருந்து அவருக்கு மாறிவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். 190 ஓட்டு இடம் மாறினால் வித்தியாசத்தில் 380 நகரும். 377 கவிழ்ந்துவிடும். 300இல் ஐந்தைக் குலுக்கல் முறையில் எடுக்கும்போது, கெட்டுப்போன அந்தப் பத்தில் ஒன்றுகூடச் சிக்காமல் போக நூற்றுக்கு 84 வாய்ப்பு. இதே தொகுதியில் வித்தியாசம் 40,000 என்றால் கதை வேறு. அதைக் கவிழ்க்க 200 இயந்திரத்தில் நூறு நூறு ஓட்டாவது மாறியிருக்கவேண்டும். அப்போது ஐந்தும் நல்ல இயந்திரங்களாகவே வந்துவிட ஆயிரத்துக்கு நான்கு வாய்ப்புதான்.

அதாவது, ஐந்து என்ற எண் பெரிய வெற்றிகளுக்குத் தாராளம், சிறிய வெற்றிகளுக்குக் கையாலாகாதது. 2019இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வல்லுநர்கள் நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்கள் போதும் என்று அறிக்கை தந்தார்கள். நாடு முழுவதும் ஒரே குவியல் என்றால் அந்தக் கணக்கு சரி. நாம் தேர்ந்தெடுப்பது நாட்டை அல்ல, தொகுதி தொகுதியாக ஆளை. தமிழ்நாட்டின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் வர்தன் ஷெட்டி இந்தப் பிழையைத் திரும்பத் திரும்ப எழுதிக் காட்டினார். பாத்திரத்தில் ஒரு சோறு பதம் பார்ப்பது சரிதான். ஆனால் ஐந்நூறு அடுப்பில் ஐந்நூறு பானை கொதிக்கும்போது ஒரு பானையில் பார்த்துவிட்டு எல்லாம் வெந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

இதற்கு விடை கண்டுபிடித்து வருடங்கள் ஆகிவிட்டன. பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் முன்வைத்த தணிக்கை முறையில் மாதிரியின் அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுவதில்லை, வெற்றி வித்தியாசம்தான் அதைத் தீர்மானிக்கும். பெரிய வித்தியாசத்தில் கொஞ்சம் சீட்டு. நெருங்க நெருங்க மேலும் மேலும் சீட்டு. மயிரிழை என்றால் முழு எண்ணிக்கை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இப்படிச் செய்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான தொகுதிகளுக்கு இப்போதைய வேலையே போதும். பேலாப்பூர் போன்ற சிலவற்றில் மட்டும் இன்னும் ஒரு நாள் ஆகும். ஒரு நாள்தானே! 2024 செப்டம்பர் 21 அன்று இலங்கை அதிபர் தேர்தலில் சுமார் 1.7 கோடி வாக்காளர் பட்டியலோடு, காகிதச் சீட்டைக் கையால் எண்ணி, வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் விருப்ப வாக்கையும் எண்ணி, மறுநாள் மாலைக்குள் அநுர குமார திசாநாயக்கவை அறிவித்துவிட்டார்கள். 2024 தீர்ப்பிலேயே சீட்டுகளை எண்ண ஓர் எந்திரம் வைக்கலாமா, சின்னத்தோடு பார்கோடு அச்சிடலாமா என்று ஆராயும்படி நீதிமன்றம் ஆணையத்திடம் சொல்லியிருக்கிறது.

பிற ஊர்களில்

நெதர்லாந்தில் 2006இல் ஒரு சிறு குழு நெடாப் வாக்கு இயந்திரத்தை வாங்கி உடைத்து, அதில் செஸ் விளையாட்டை ஓடவிட்டுக் காட்டியது. இயந்திரம் செய்யவேண்டியதைத்தான் செய்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதற்கு அதைவிட நல்ல செய்முறை விளக்கம் இல்லை. மேலே சொன்ன கோங்கிரைப் அந்தக் குழுக்காரர்தான். அந்த நாடு காகிதத்துக்குத் திரும்பியது. 2017 தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு, காகிதச் சீட்டுகளின் தொகைகளைக் கூட்டும் மென்பொருளிலும் ஓட்டை இருப்பது தெரிந்து அதையும் ஒதுக்கிவைத்தார்கள். நம் என்கோருக்கு உறவுக்காரன் அது. நமக்கு 17சி இருப்பதால் அந்தக் கவலை குறைவு, முகவர்கள் அதை வாங்கி வைத்தால்.

அதே நெடாப் இயந்திரங்களை ஜெர்மனி 2005இல் பயன்படுத்தியது. ஒரு தந்தையும் மகனும் தொடுத்த வழக்கில் 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது. தில்லுமுல்லு நடந்ததாக அது சொல்லவில்லை, தேர்தலையும் ரத்து செய்யவில்லை. தேர்தலின் முக்கியப் படிகளைச் சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகன் தானே சரிபார்க்க முடியவேண்டும் என்றது. நிபுணர் குழு பார்த்துவிட்டது என்ற பதில் போதாது.

பெல்ஜியத்தின் ஷார்பேக்கில் 2003இல் நடந்ததில் வில்லன் யாருமில்லை. ஒரு சின்னக் கட்சி வேட்பாளருக்குக் கணினி கூடுதலாகச் சரியாக 4,096 ஓட்டு கொடுத்தது. பன்னிரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண். நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்கிறது, விண்வெளிக் கதிராக இருக்கலாம் என்றார்கள். அவருக்கு வரச் சாத்தியமே இல்லாத அளவுக்கு ஓட்டு வந்ததால்தான் கண்டுபிடித்தார்கள். பத்தாவது பிட்டோ ஐந்தாவது பிட்டோ புரண்டிருந்தால்?

நம்மிடமே ஒரு பழைய பாடம் இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. அதை ஜனநாயகத் தேர்தல் என்று மேடையில் முழங்குவது மிகை. நிலமும் வேதமும் உள்ளவர்களுக்குள் நடந்த குலுக்கல் அது. ஆனால் ஓலையை எடுக்கும் முறை அருமை. விவரம் அறியாத சிறுவன் எடுக்கவேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்துவைக்க முடியாதபடி. அவன் உரக்கப் படித்ததை அங்குள்ள நம்பிமார்களும் வாங்கிப் படிக்கவேண்டும். மத்தியஸ்தன் யோக்கியன் என்ற சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கையை விரி என்றார்கள்.

எண்ணி முடித்த பிறகு

2024 தீர்ப்பு தோற்றவருக்கு ஒரு வாசல் திறந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் பணம் கட்டினால், தொகுதியில் 5 சதவீத இயந்திரங்களின் மைக்ரோகன்ட்ரோலர் நினைவகத்தைப் பொறியாளர்கள் சரிபார்ப்பார்கள். 2024இல் அதற்கான கட்டணம் ஒரு தொகுப்புக்கு 40,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், மொத்தம் 47,200 ஆக இருந்தது. நடைமுறையில் ஆணையம் செய்தது, பழைய பதிவை அழித்துவிட்டு மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டுவது. மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு வேறு மூட்டையை வைத்துக் காட்டுவது போல. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, பதிவை அழிக்காதீர்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. மே மாதம் நடைமுறை மாறியது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தில் புவானா லாக்கு கிராமத்தில். 2022 நவம்பர் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் ஒரு சாவடியின் தொகையை அலுவலர் ஆள் மாற்றி எழுதிவிட்டார். தோற்றவர் ஜெயித்தவரானார். 33 மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில், உச்ச நீதிமன்ற வளாகத்துக்கே இயந்திரங்களைக் கொண்டுவந்து, பதிவாளர் முன்னிலையில், வீடியோ எடுத்து எண்ணினார்கள். உண்மையில் வென்றவருக்கு 1,051, மற்றவருக்கு 1,000. மெஷின்தான் திருடன் என்பவர்கள் இதைப் படிக்கவேண்டும், அது மூன்று வருடம் உண்மையைப் பத்திரமாக வைத்திருந்தது. எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்பவர்களும் படிக்கவேண்டும், அந்த உண்மை வெளிவர மூன்று வருடமும் உச்ச நீதிமன்றமும் தேவைப்பட்டன.

ஆதாரத்தைத் திறந்துவைக்கவேண்டிய இந்த நேரத்தில் ஆணையமும் அரசும் மூடும் திசையில் போவதுதான் எனக்குப் புரியவில்லை. சாவடியின் வீடியோ பதிவைத் தரச் சொல்லி 2024 டிசம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட சில நாட்களில், டிசம்பர் 20 அன்று தேர்தல் விதி 93ஐத் திருத்தி மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கினார்கள். 2025 மே மாதம், வழக்கு இல்லையென்றால் 45 நாளில் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் அறிவுறுத்தியது. பெண் வாக்காளர்களின் அந்தரங்கம், தவறான பிரசாரம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். சாவடி வரிசைக்கு அது பொருந்தலாம். எண்ணும் கூடத்து வீடியோவில் யாருடைய அந்தரங்கம் இருக்கிறது?

கதவை மூடினால் மக்கள் சொந்தமாக எண்ணக் கிளம்புவார்கள். சோலாப்பூர் மாவட்டத்தின் மார்க்கட்வாடி கிராமத்தார் 2024 டிசம்பர் 3 அன்று தங்கள் செலவில் வாக்குச்சீட்டு அடித்து மறுபடி ஓட்டுப் போட்டுப் பார்க்க முயன்றார்கள். போலீஸ் நிறுத்தியது, வழக்குப் போட்டது. அவர்கள் செய்ய இருந்ததற்குச் சட்ட மதிப்பு ஏதும் கிடையாது, அறிவியல் மதிப்பும் குறைவு. ஆனால் அவர்கள் கேட்டது இரண்டாவது தராசைத்தான். அது ஏற்கெனவே, அவர்கள் சாவடியின் விவிபாட் சீட்டுகளாக, முத்திரையோடு இருந்தது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சீட்டு கூடவேண்டும், ஒரு அளவுக்குக் கீழே போனால் யாரும் மனுப் போடாமலே முழுச் சீட்டும் எண்ணப்படவேண்டும். எல்லாச் சாவடியின் 17சி படிவமும் ஸ்கேன் செய்து அன்றிரவே இணையத்தில் ஏறவேண்டும். கட்சிகளும் அழுவதை நிறுத்திவிட்டு, தங்கள் முகவர்கள் எத்தனை பேர் அந்தத் தாளை வாங்கி வந்தார்கள் என்று முதலில் கணக்கெடுக்கவேண்டும். டீயும் வடாபாவும் வாங்கித் தந்தால் போதும் என்று பூத்தில் உட்காரவைத்த பையனிடம் 17சி பற்றிக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

வாக்காளர் பட்டியலைப் பற்றி இங்கே பேசவில்லை. பட்டியல் தவறாக இருந்தால் எவ்வளவு சரியாக எண்ணியும் பயனில்லை. அது தனிக் கட்டுரை.

கடைசியாக எங்கள் ஊர் விஷயம். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம், மாநகராட்சிக்கு மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம். மும்பை, நவி மும்பை உட்பட 29 மாநகராட்சிகளுக்கு 2026 ஜனவரி 15 அன்று வாக்குப்பதிவு, மறுநாள் எண்ணிக்கை. நவி மும்பையில் ஒரு வார்டுக்குப் பல உறுப்பினர்கள், ஆளுக்குப் பெரும்பாலும் நான்கு ஓட்டு. உள்ளாட்சித் தேர்தலில் விவிபாட் கிடையாது என்று மாநில ஆணையம் முன்பே சொல்லிவிட்டது. சட்டமன்றத்துக்குத் தொகுதிக்கு ஐந்து மூட்டையாவது அடுத்த தராசில் ஏறுகிறது. தண்ணீர், சாக்கடை, குப்பை என்று அன்றாடம் நாம் மோதும் மாநகராட்சிக்கு அடுத்த தராசே இல்லை.

அன்று வாஷியில் பொத்தானை அழுத்தினோம். பீப் சத்தம் வந்தது. சீட்டு எதுவும் விழவில்லை.